முந்தானை மூலையில் மஞ்சள்

ஐந்தாவது சேலையையும் திருப்பி எடுத்துக்கொள்ள சூரத் கிடங்கில் மறுத்துவிட்டார்கள். காரணம் என்ற இடத்தில் இரண்டே சொற்கள்: கறை, உடுத்தியது. கூடவே ஒரு படம்.

அனிதா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் கடை கைபேசிக்குள் இருந்தது. திருத்தணியில் உட்கார்ந்து படம் போடுவாள், ஆர்டர் வாங்குவாள். சேலை சூரத்திலிருந்து நேரே வாங்கியவர் வீட்டுக்குப் போய்விடும். விற்றதில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

முந்தானை மூலையில் நகத்தளவு மஞ்சள். முன்பு மறுக்கப்பட்ட நான்கின் படங்களையும் தேடி எடுத்தாள். நான்கிலும் அதே மூலை, அதே மஞ்சள்.

இந்தச் சேலையை வாங்கித் திருப்பி அனுப்பிய பள்ளிப்பட்டு வசந்தியைக் கூப்பிட்டாள்.

“அக்கா, பொடவைல மஞ்சள் வெச்சீங்களா?”

“ஆங், வெச்சேன். வெக்காம புதுத்துணிய ஒடம்புல போடுவாங்களா? நீ வெக்க மாட்டியாம்மா?”

அனிதா தன் முந்தானை மூலையைத் திருப்பிப் பார்த்தாள்.

“வெச்சி, கட்டிக்கினு கண்ணாடி முன்னாடி நிக்கறேன், கொசுவத்தாண்ட ஒரு மொழம் ஜரிகையே இல்ல. பொண்ணு நிச்சயத்துக்கு வாங்கனது. இன்னா, நான் பொய் சொல்றேன்றாங்களா?”

“இல்லக்கா. பாக்கறேன்.”

அடுத்து வளவனிடம் பேசினாள். சென்னையில் இருந்துகொண்டு சூரத்துக்காரர்களின் விற்பனையைப் பார்ப்பவன் அவன்.

“எனக்குத் தெரியாதாக்கா? எங்க வீட்லயும்தான் மஞ்சள் வெப்பாங்க. கிடங்குல இருக்கறவனுக்கு அது கறை. ‘உடுத்தியது’ன்னு ஒத்துக்கினு போங்க. சரக்குல குறைன்னு எழுதினா அந்தம்மாவுக்குப் பணம் வந்துடும். ஆனா உங்களுக்குச் சரக்க நிறுத்திடுவான்.”

“மஞ்சள்னு சொல்லிப் பாரேன்.”

“சொன்னேன். சிரிக்கறான். முந்தின நாலுக்கும் ஒத்துக்கினீங்களே, இப்ப இன்னா?”

ஒத்துக்கொண்டிருந்தாள். நால்வருக்கும் ஒரே வரிதான் அனுப்பியிருந்தாள்: ‘உடுத்திய சேலையைத் திருப்ப இயலாது.’ கடைசியில் கும்பிடும் கை.

அரக்கோணத்தில் வேலை முடிந்து வந்த குமரேசன், மனைவி சொன்னதையெல்லாம் சாப்பிட்டபடியே கேட்டான்.

“ஒத்துக்கோயேன். மூணு வருஷமா நடத்தற கடை. அந்தம்மா உன் மூஞ்சியக்கூட பாத்ததில்ல.”

“அதான். பாக்காமயே பணம் அனுப்புச்சி.”

“நல்லா பேசு. நாளைக்கு இன்னாத்த விப்ப?”

அவன் கை கழுவ எழுந்து போனபோது கைபேசியில் வசந்தி சேலைக்கான படிவத்தைத் திறந்து, ‘சரக்கில் குறை’ என்பதைத் தொட்டாள்.

மறுநாள் பகலுக்குள் அவள் கடைப் பக்கத்தில் இருந்த நூற்றுப்பத்துச் சேலைப் படங்களின் மேலும் ‘இருப்பில்லை’ என்று விழுந்தது. வசந்தியிடம் சொன்னாள்.

“எனக்கோசரம் கடைய மூடிக்கினியா? அறிவுகெட்டவளே,” என்றாள் வசந்தி. “அப்ப தீவாளிக்கு நான் யாராண்ட வாங்கறது?”

“தெரியலக்கா.”

போனை வைத்துவிட்டு, அந்த நால்வரில் முதலாமவரின் எண்ணை எடுத்தாள். தாயம்மாள், கனகம்மாசத்திரம். மணி அடிக்கத் தொடங்கியது. எடுத்தால் முதலில் என்ன சொல்வது என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.