அப்பா வரும் வயர்

ஜூலை 14, ஞாயிறு. இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். மஞ்சள் பின்னைச் சிவப்புத் துளையில் சொருகிவிட்டேன். மாலை வகுப்பில் டிவி ரிப்பேர் படிக்கிறவள் இப்படிச் செய்திருக்கக் கூடாது.

அப்பா இறந்ததிலிருந்து ஞாயிறு மாலைகளில் டிவி வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறார். மஞ்சள் பின்னில் உருவம் வரும். சிவப்பிலும் வெள்ளையிலும் குரல். நான் மாற்றிச் சொருகியதால் அவர் முகம் ஸ்பீக்கரில் கொர்ரென்று இரைந்தது.

அம்மா உற்றுக் கேட்டாள்.

"அவிய மூக்குதான். சரியாச் சொருகுட்டி."

சரியாகச் சொருகினேன். அப்பா புள்ளி புள்ளியாக வந்தார். சட்டையின் நிறம் தெரியவில்லை. வழக்கம்போல் டீ கேட்டார்.

"முன்னெல்லாம் எப்படிப் பளிச்சுனு இருப்பாவ," என்றாள் அம்மா. "நல்ல வயரா வாங்கிட்டு வாயேன். ஒரு தடவை முகத்தைப் பாத்துக்கிடுதேன்."

அப்பாவை இருக்கச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். கடை எங்கள் தெருவில் தொடங்கி ரயில் நிலையம் வரை நீண்டிருந்தது. நல்ல வயர்கள் கடைசியில் இருந்தன. கடைக்காரர் ஒரு வயர்ச் சுருளுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வர்றது யாரு?"

"அப்பா."

"எவ்வளவு தூரத்துலேர்ந்து?"

"தெரியாது."

"அப்போ தங்கமுலாம் போட்டதை எடுங்க."

"நிஜமாவே வித்தியாசம் தெரியுமா?"

"ரெண்டு பக்கமும் தெரியும்."

எனக்குச் சந்தேகம்தான். வகுப்பில் அப்படிச் சொல்லித்தரவில்லை. ஆனாலும் வாங்கினேன்.

அப்பா பளிச்சென்று வந்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை. மீசையில் ஒரு முடிகூட நரைக்கவில்லை. அந்த நாட்களில் நாங்கள் மூவரும் போட்ட ஒரே சோப்பின் வாசனைகூட வந்தது. வாசனை எந்தப் பின்னில் வந்தது என்று கவனிக்கத் தவறிவிட்டேன்.

அம்மா டிவி முன்னால் போய் நின்றாள். அப்பா அவளைக் கூர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"வாங்கக்கா," என்றார், மரியாதையாக. "செம்பகம் இல்லையா?"

செம்பகம் என்பது அம்மாவின் பெயர்.

"கடைக்குப் போயிருக்கா," என்றாள் அம்மா. "இப்ப வந்துருவா."

அவளே பின்னைப் பிடுங்கினாள். திரை கறுத்தது.

"இத்தனை நாளும் என்னையும் புள்ளி புள்ளியாத்தான் பாத்திருக்காவ," என்றாள். முந்தானையால் நரைத்த தலைமுடியை மூடிக்கொண்டாள். "அந்தப் பழசே கொஞ்சம் கூடுதல் தெளிவுதான், என்னட்டி?"

"ஆமாம்மா."

நீளம் கூடக்கூடப் படம் மங்கும் என்பதை வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள்.

நாளைய வேலை: இருப்பதிலேயே மட்டமான வயர் வாங்க வேண்டும். இருபது மீட்டர்.