மூஜிரானின் கறுப்புப் பிசின்

மூன்றாவது ஃபியூஸும் 'பட்' என்று போனபோது மணி பன்னிரண்டே முக்கால்.

லாரியின் மேல் பதினாறு ஸ்பீக்கர் பெட்டிகள் மாடி வீட்டு உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. அத்தனையும் ஊமை. தெருவாசிகள் ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் பத்திரப்படுத்திவிட்டு, கைக்குழந்தைகளைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிவிட்டு, நெஞ்சு அதிரத் தயாராகக் காத்திருந்தார்கள். ப்ளித்தார் ஊர்ப் பக்கம் ஆகஸ்ட் சுதந்திர தின ஊர்வலம் என்றால் அப்படித்தான். காது போனாலும் பரவாயில்லை, மானம் போகக் கூடாது.

இன்றைக்குப் போகவிருந்த மானம் மூஜிரானுடையது. வடக்குத் தெருவின் ஒலிச் சக்கரவர்த்தி. பட்டத்தை வழங்கியவரும் அவரே, சட்டையில் அச்சடித்துக்கொண்டவரும் அவரே. இரண்டு மணிக்கு அவருடைய லாரி நகர வேண்டும். நகராவிட்டால், அவர் மனைவி ரூமியாத்தி இரண்டு மாதமாக ஒத்திகை நடத்திய நாற்பது பெண்கள், மயிலிறகும் சலங்கையுமாக, தெற்குத் தெரு கஸ்துவின் லாரிக்குப் பின்னால் ஆடிக்கொண்டு போக வேண்டும். கஸ்துவின் லாரிக்குப் பின்னால் என்பதை வடக்குத் தெருவில் யாரும் இரண்டாவது முறை சொல்லிக் கேட்க விரும்ப மாட்டார்கள்.

மூஜிரான் தமக்குத் தெரிந்த எல்லாப் பரிசோதனைகளையும் செய்துவிட்டார். ஜெனரேட்டரைத் திட்டினார். வெயிலைத் திட்டினார். ஆம்ப்ளிஃபயரின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு இன்னும் பெரிய ஃபியூஸ் ஒன்றைத் தேடினார்.

"அதையும் போடுங்க, லாரியே எரியட்டும்" என்றாள் ரூமியாத்தி. மயில் கொண்டையோடு அவள் விறுவிறுவென்று தெற்குத் தெருப் பக்கம் நடந்தாள். ஐந்து நிமிடத்தில் திரும்பியபோது ஒரு கையில் தம்பி விஜியாந்தோவின் சட்டைக் காலர் இருந்தது.

விஜி இரண்டு வருடம் முன்புவரை மூஜிரானிடம்தான் இருந்தான். ஒரே ஒரு கேள்வி கேட்டான், வெளியே அனுப்பப்பட்டான். இப்போது கஸ்துவிடம். அந்தக் கேள்வி: "மச்சான், அந்தப் பிசினுக்குள்ள என்னதான் இருக்கு?"

அந்த வட்டாரத்தில் ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்கள் பாகங்களின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களை உப்புத்தாளால் தேய்த்து அழித்துவிடுவார்கள். போட்டிக்காரன் பார்த்துக் காப்பியடித்துவிடக் கூடாதல்லவா? மூஜிரான் இன்னும் ஒரு படி மேலே போய், மின்சாரம் சீராகிற பகுதியின் மேல் கறுப்புப் பிசினை உருக்கி ஊற்றி, பாறை மாதிரி இறுக வைத்திருந்தார். உள்ளே ரகசியக் கலவை என்றார். மூன்று மாவட்டத்திலிருந்து ஆட்கள் வந்து அந்தக் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்பது மூஜிரானுக்கு மட்டும் தெரியும். சந்தையில் மலிவாக வாங்கிய இரண்டு கெபாசிட்டர். அவ்வளவுதான். எட்டு வருடப் புகழ் அந்த இரண்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

விஜி வேலையைத் தொடங்கினான். நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை மின்சார வயரோடு வரிசையில் இணைத்தான்.

"இது பளிச்சுனு எரிஞ்சா உள்ள எங்கயோ ஷார்ட். மங்கிடுச்சுன்னா நல்லது."

பளிச்சென்று எரிந்தது.

ஸ்பீக்கருக்குச் சத்தம் அனுப்பும் போர்டுகளைக் கழற்றினான். அப்போதும் பளிச். "போர்டுல கோளாறு இல்ல. கரண்டு வர்ற பக்கம்தான்." டிரான்ஸ்ஃபார்மரின் வெளி வயர்களை எடுத்துவிட்டான். பல்பு அணைந்தது. "டிரான்ஸ்ஃபார்மர் தங்கம்." டயோடுகளைக் கழற்றி மீட்டரை வைத்தான். "இதுவும் சுத்தம்."

பிறகு அவன் அந்தக் கறுப்புக் கட்டியைப் பார்த்தான். மூஜிரான் வானத்தைப் பார்த்தார்.

"உடைக்கணும் மச்சான்."

"உடைக்காம பண்ற வழி இல்லையா?"

"இருக்கே. மந்திரவாதியக் கூப்பிடலாம்."

மழையைத் தடுக்க அமர்த்தியிருந்த மந்திரவாதி எதிர் டீக்கடையில்தான் தெம்பே என்கிற சோயாக்கட்டி பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். மூஜிரான் நிஜமாகவே அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பினார்.

"ஏங்க" என்றாள் ரூமியாத்தி. "விடியக்காலையிலிருந்து இந்தக் கொண்டையச் சுமக்கிறேன். உங்களுக்கு நான் பெருசா, அந்தக் கட்டி பெருசா?"

ஒரு கணவன் எடுத்துக்கொள்ளக் கூடியதைவிடச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டார் மூஜிரான்.

"புது கெபாசிட்டருக்கு எங்க போறது? இன்னிக்கு எல்லாக் கடையும் லீவு" என்றார் கடைசியாக, கொஞ்சம் நம்பிக்கையோடு.

"என்கிட்ட இருக்கு" என்றது ஒரு குரல். கஸ்து. கையில் இரண்டு பெரிய கெபாசிட்டர், பின்னால் ஏழெட்டு ஆள். "காசு வேணாம், மூஜிரான். உடைக்கிறப்ப பக்கத்துல நிக்க விட்டாப் போதும்."

நாற்பது சலங்கைகள் பொறுமையிழந்து ஒலித்தன. மணி ஒன்று இருபது.

"உடைடா" என்றார் மூஜிரான். முகத்தைத் துண்டால் துடைக்கிற சாக்கில் மூடிக்கொண்டார்.

உளி இறங்கியது. பிசின் சில்லு சில்லாகத் தெறித்தது. தலைகள் நெருங்கின, ஆறு செல்போன்கள் நீண்டன. உள்ளே இரண்டு கெபாசிட்டர்கள். ஒன்று உச்சி உப்பி, அஜீரணம் பிடித்த வயிறுபோல் இருந்தது.

விஜி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நம்பரத் தேய்ச்சு அழிச்சிருக்கு. எத்தன வோல்ட்டு, மச்சான்?"

மூஜிரான் துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், தெரியாம நான் எப்படி மாத்துறது?"

"அறுபத்து மூணு" என்றது துண்டு.

"இங்க ஓடுறதே அறுபத்தஞ்சு. ஜெனரேட்டர் கொஞ்சம் எகிறினா எழுபது. இதப் போய் யாராச்சும் போடுவாங்களா? எட்டு வருஷம் தாங்குனதே அதிசயம்."

கஸ்து கொடுத்தவை நூறு வோல்ட். விஜி பழசு இரண்டையும் பிடுங்கினான், பிளஸ் மைனஸை இரண்டு முறை சரிபார்த்தான், புதுசைப் பற்றவைத்தான். டயோடு, டிரான்ஸ்ஃபார்மர், போர்டு எல்லாவற்றையும் திரும்ப இணைத்து சுவிட்சைப் போட்டான். பல்பு ஒரு நொடி பளிச்சிட்டு, மெல்ல மங்கி அடங்கியது. பெண்கள் கைதட்டினார்கள்.

பல்பைக் கழற்றி நேரடியாகக் கரண்டு கொடுத்தார்கள். ஃபியூஸ் போகாமல் நின்றது.

தம் கதை முடிந்தது என்று மூஜிரானுக்குத் தெரியும். மிச்சமிருந்த மரியாதையோடு முடித்துக்கொள்ளலாம் என்று கஸ்துவிடம் போனார். "கண்ணால பாத்துட்ட. ரகசியம்னு ஒண்ணும் கிடையாது. சந்தைச் சரக்கு. பிசின ஊத்துனது அத மறைக்கத்தான்."

கஸ்து குனிந்து, தரையில் கிடந்த பிசின் சில்லுகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்தார். ஒன்றை மூக்கருகே வைத்து முகர்ந்தார்.

"அறுபத்து மூணு வோல்ட்ட எழுபதுல எட்டு வருஷம் ஓட வச்சிருக்க. விஜியே அதிசயம்னு சொல்றான்." குரலைத் தாழ்த்தினார். "கலவை இந்தப் பிசின்லதான, மூஜிரான்?"

"சத்தியமா இல்லப்பா. வெறும் பிசின்."

"சொல்லாத. நானா இருந்தாலும் சொல்ல மாட்டேன்."

"கஸ்து, என் பேச்சக் கேளு, அதுல ஒரு மண்ணும்..."

லாரியின் மேல் விஜி பாட்டைப் போட்டான். அதிர்ச்சியில் தெருவின் முதல் கூரை ஓடு சரிந்து விழுந்தது. நாற்பது மயில்களும் ஒரே நேரத்தில் இடுப்பை வெட்டின. மூஜிரான் வாழ்நாளிலேயே முதல்முறையாக அடித்தொண்டையில் உண்மையைக் கத்திக்கொண்டிருந்தார். கைக்குட்டையை மார்புப் பையில் பத்திரப்படுத்தியபடி கஸ்து மரியாதையாகத் தலையாட்டினார்.