யாருக்கு இந்தக் குவளை?

“யாருக்கு?” என்று கேட்டார் சமையல்காரர் டுல்லக், கரண்டியால் ஒரு குவளையைத் தட்டியபடி.

கூடாரத் துணியைப் பார்த்து, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த கேப்டன் கெடீஸ், “ம்ம்ம்…” என்று இழுத்துவிட்டு, “டாக்டருக்கு” என்றார்.

டொங். “இது?”

“ம்ம்ம்… இஸ்பிஸ்டருக்கு.”

டிங். “இது?”

“எனக்கு. மிச்சம் உனக்கு, டுல்லக்.”

பனிப்பாலைவனத்தில் நடக்கிற எல்லாக் கூட்டத்திலும் இந்த வழக்கம் உண்டு. காய்ந்த இறைச்சிப் பொடியும் கொழுப்பும் ரொட்டித் தூளும் போட்டுக் காய்ச்சிய கூழ் நாலு குவளையில் இருக்கும். எவ்வளவு பார்த்து ஊற்றினாலும் கடைசிக் குவளைக்கு மூன்று கரண்டி குறைந்துவிடும். அந்த மூன்று கரண்டிக்காக ஆயுசுக்கும் பேசாமல் போன சிநேகிதர்கள் உண்டு. அதனால் குவளையைப் பார்ப்பவன் பெயர் சொல்லக்கூடாது, பெயர் சொல்பவன் குவளையைப் பார்க்கக்கூடாது என்று ஏற்பாடு. முதுகைக் காட்டி உட்காரும் வேலையைக் கேப்டன் முதல் நாளே தனக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

குறைந்த குவளை அன்றைக்கும் கேப்டனுக்கே போயிற்று. அவர் அதை நாலு மடக்கில் குடித்து முடித்து, “பிரமாதம் டுல்லக், வயிறு ரொம்பிடுச்சு” என்று சொல்லி, சூரியனை அளக்கிற கருவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எழுந்தபோது கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டதை டுல்லக் பார்த்தார்.

“பதினோராவது நாள்” என்றார் டாக்டர் பின்னாக். நாலு பேரில் அவர் ஒருவர்தான் இங்கிலாந்துக்காரர். மற்ற மூவரும் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவில் ஒரே தேவாலயச் சபையைச் சேர்ந்தவர்கள். “பதினோரு நாளா விடாம அவருக்கே குறைச்சல் குவளை. கணக்குப்படி நாப்பது லட்சத்துல ஒரு தடவைதான் அப்படி அமையும்.”

“எங்க ஊர்ல அதுக்கு கடவுள் சித்தம்னு பேரு” என்றான் தச்சன் இஸ்பிஸ்டர், குவளையை நக்கிக்கொண்டே.

“கடவுளுக்கு அவர் மேல என்னடா அவ்வளவு கோபம்?” என்றார் டுல்லக். கூடார வாசலை விலக்கிப் பார்த்தார். வெளியே கேப்டன் கருவியைக் கண்ணுக்கு வைத்திருந்தார். கை ஆடியது. இறக்கினார், மூச்சு வாங்கினார், மறுபடி ஏற்றினார். மறுபடி ஆடியது. அதற்குள் சூரியன் மேகத்துக்குள் போய்விட்டது.

கறுப்புக் கொடி நட்ட உணவுக் கிடங்கு எங்கோ பக்கத்தில்தான் இருக்க வேண்டும். கையில் ஐந்து நாள் கூழ். அந்தக் கருவியைப் பிடித்து இந்த வெள்ளைப் பரப்பில் வழி சொல்லத் தெரிந்தவர் கேப்டன் ஒருவர்தான்.

அன்று சறுக்குவண்டியை இழுக்கும்போது இஸ்பிஸ்டர் அலுப்புத் தெரியாமல் இருக்க, சபையில் பாடும் வேதாகமச் சங்கீதம் ஒன்றைப் பாட ஆரம்பித்தான். முன்னால் தள்ளாடி இழுத்துக்கொண்டிருந்த கேப்டன் திரும்பாமலே சொன்னார்: “அரை சுருதி கீழ எடுத்திருக்க. இப்படிப் பாடினா ஆண்டவர் காதைப் பொத்திக்குவார்.”

டுல்லக் வாரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன அண்ணே, கால்ல வலியா?” என்றான் இஸ்பிஸ்டர்.

“இல்லடா. புத்தி வந்திருக்கு.”

இடைவேளையில் டாக்டரையும் இஸ்பிஸ்டரையும் சறுக்குவண்டிக்குப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு டுல்லக் கிசுகிசுத்தார். “ஊர்ல சபையில முதல் சுருதி எடுத்துக் குடுக்கறது யாரு? நம்ம கேப்டன்.”

“ஏன், ஆர்கன் இல்லையா?” என்றார் டாக்டர்.

“ஆர்கனா! அந்த விசில் பெட்டியை உள்ள விட்டா எங்க போதகர் வாசல்ல குறுக்கப் படுத்துக்குவார். இருபது வருஷமா கேப்டன் தொண்டைதான் ஆர்கன். நான் முட்டாள், கரண்டியால தட்டித் தட்டி ‘யாருக்கு யாருக்கு’ன்னு கேக்கறேன். நிறைஞ்ச குவளை டொங்குங்குது, குறைஞ்சது டிங்குங்குது. அவர் ‘ம்ம்ம்’னு சுருதி பாத்துட்டு டிங்கை எடுத்துக்கறார்!”

டாக்டர் வாயைப் பிளந்தார். “அப்ப நாப்பது லட்சம்?”

“காதுதான், சாமி. வேற ஒண்ணுமில்ல.”

“போய்க் கேட்டுடலாமா?”

“கேட்டா ஒத்துக்குவாரா? ‘நான் தலைவன், என் இஷ்டம்’பார். பொறுங்க.”

மறுநாள் கூழ் வேளையில் கேப்டன் வழக்கம்போல் முதுகைக் காட்டினார். டுல்லக் இடது கை விரலை நிறைந்த குவளைமேல் நீட்டினார். வலது கைக் கரண்டியால் குறைந்த குவளையைத் தட்டினார். டிங்.

“எனக்கு!” என்றார் கேப்டன், எங்கே விட்டுவிடுவோமோ என்பதுபோல.

இஸ்பிஸ்டர் கையுறையை வாயில் திணித்துக்கொண்டான். கேப்டன் திரும்பி, தன் முன்னால் தளும்பிக்கொண்டிருந்த குவளையைப் பார்த்தார். குவளை அவரைப் பார்த்தது.

“டுல்லக், இதுல… நிறைய இருக்கே?”

“பன்னெண்டாம் நாள் அதிர்ஷ்டம் அடிச்சிருக்கு, கேப்டன். ஏன், அதிர்ஷ்டம் பிடிக்கலையா?”

கேப்டன் வாயைத் திறந்தார். ‘நான் டிங்கை அல்லவா எடுத்தேன்’ என்று சொன்னால் பதினோரு நாள் குட்டு வெளிப்பட்டுவிடும். வாயை மூட வழியில்லாமல் அதில் கூழை ஊற்றிக்கொண்டார்.

அதற்கடுத்த நாள் அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். டுல்லக்கும் ஒரு முடிவோடுதான் உட்கார்ந்தார்.

டொங். “யாருக்கு?”

“ம்ம்ம்… டாக்டருக்கு.”

டொங். “இது?”

“ம்ம்… இஸ்பிஸ்டருக்கு.”

டொங். “இது?”

“இரு. திரும்பத் தட்டு.”

டொங்.

“அடுத்ததையும் தட்டு.”

டொங்.

“என்னய்யா இது, நாலும் ஒரே சுருதியில இருக்கு!” என்றார் கேப்டன்.

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. காது சிவந்தது. மெல்லத் திரும்பினார். டுல்லக்கின் கரண்டி ஒரே குவளைமேல் நின்றுகொண்டிருந்தது. இஸ்பிஸ்டர் படுக்கைப் பைக்குள் தலையை விட்டுக் குலுங்கிக்கொண்டிருந்தான்.

“களவாணி” என்றார் கேப்டன்.

“யாரு, நானா? பதினோரு நாள் திருடினது யாரு?”

“நான் தலைவன். உங்களைக் கூட்டிட்டு வந்தவன். நீங்க சாப்பிட்டது போகத்தான் எனக்கு.”

“கடைசியா சாப்பிடுங்க, யாரு வேணாங்கறா? குறைச்சு சாப்பிடாதீங்க.” டுல்லக் கரண்டியைக் கீழே வைத்தார். “சூரியனைப் பிடிக்கப் போனப்ப உங்க கை ஆடினதை நான் பாத்தேன், கேப்டன். நீங்க விட்டுக்குடுத்த மூணு கரண்டிக் கூழை வயித்துல வச்சுக்கிட்டு நாங்க எந்தப் பக்கம் நடக்கறது? நீங்களே சொல்லுங்க.”

கேப்டன் தன் கைகளைப் பார்த்தார்.

“நான் நல்லதுன்னு நினைச்சேன், டுல்லக்.”

“தெரியும். அதனாலதான் கரண்டியால தலையில தட்டாம குவளையில தட்டினேன்.”

“இனிமே நான் திரும்பி உக்கார்றேன்” என்றார் டாக்டர். “எனக்கு தேசிய கீதத்துக்கும் கதவு கிறீச்சிடறதுக்கும் வித்தியாசம் தெரியாது.”

“அதை நீங்க பாடும்போதே தெரிஞ்சுக்கிட்டோம்” என்றது படுக்கைப் பை.

பதினைந்தாம் நாள் மேகம் விலகி, சூரியன் ஐந்து நிமிஷம் முகம் காட்டினான். கேப்டன் கருவியை ஏந்தினார். டுல்லக் சூரியனைப் பார்க்கவில்லை, அந்தக் கைகளையே பார்த்தார். சறுக்குவண்டியில் ஆணி அடித்து வைத்ததுபோல நின்றன.

கேப்டன் பென்சிலால் கிறுக்கி நிமிர்ந்தார். “கொடியைத் தாண்டிப் போயிட்டிருக்கோம். வலது பக்கம் திரும்பணும். மூணு மைல்.”

மூன்று மைலுக்குச் சற்றுக் கூடவே இருந்தது. முதலில் பார்த்தவன் இஸ்பிஸ்டர். கிழிந்த கறுப்புத் துணி ஒன்று பனிக்கு மேலே படபடத்துக்கொண்டிருந்தது. அதன் அடியில் பெட்டி பெட்டியாகச் சாப்பாடு.

கூழ் கொதித்ததும் கேப்டன் சொன்னார்: “டாக்டர், இன்னைக்கு ஒரு தடவை நான் திரும்பி உக்கார்றேன்.”

“வேண்டாம் கேப்டன், பழைய புத்தி” என்றார் டுல்லக்.

“ஒரே தடவைய்யா.” திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

டுல்லக் தட்டினார். டொங். டொங். டொங். டொங்.

“ம்ம்ம்…” என்றார் கேப்டன். “மறுபடியும் ஒரே குவளையைத் தட்டறியா, திருட்டுப் பயலே?”

“திரும்பித்தான் பாருங்களேன்.”

திரும்பினார். நாலு குவளையும் விளிம்புவரை தளும்பிக்கொண்டிருந்தன.