இழைத்த கதவு

பனித்தரையில் கனத்த கல்லைச் சறுக்கிவிட்டு ஆடும் கர்லிங் ஆட்டத்துக்கு எங்கள் ஊரில் ஒரு கூடம் இருந்தது. அதன் சாமான் அறைக் கதவு பிப்ரவரி முதல் வாரத்தில் ஒட்ட ஆரம்பித்தது. தோளால் இடித்தால்தான் திறக்கும். மின்னசோட்டாவில் அந்த வருஷம் பனி கொட்டித் தீர்த்திருந்தது. கூடத்தின் தட்டைக் கூரையில் இடுப்பளவு கிடந்தது. நான் தச்சன். கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் என்னுடையது. கூரைப் பனியை வழிக்க ஆள் ஏற்ற வேண்டியவனும் நான்தான்.

உள்ளே பனித்தரையைப் பதமாக வைத்திருப்பவன் எய்னோ கிவேலா, முப்பது வருஷ சிநேகிதன். அவன்தான் முதலில் சொன்னான்.

"ஏம்ப்பா வெண்டல், இந்தக் கதவு போன வருஷம் இப்படி மக்கர் பண்ணலியே? மேல பாரம் அழுத்துதோ என்னமோ. ஏறிப் பாத்துடலாமா?"

"மரம்னா உப்பத்தான் செய்யும். கதவைப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தர்றியா? போய் உன் ஐஸைப் பாரு."

"சரிப்பா, கோவிச்சுக்காத. நீ தச்சன், நீ சொன்னா சரிதான்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை போட்டி. நான்கு ஊர் அணிகள் வருவதாக இருந்தது. கூரையை வழிப்பதென்றால் கூடத்தை மூடவேண்டும். பாரம் ஒரு பக்கம் சாயாதபடி இரண்டு பக்கமும் சீராக எடுக்க மூன்று நாளாகும். போட்டி போய்விடும். அந்த வருஷம் கோப்பை எங்களுக்குத்தான் என்று நான் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் இழைப்புளியை எடுத்தேன். கதவின் மேல் விளிம்பில் கால் அங்குலம் போனது. அழகாக மூடியது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை மழை பெய்து கூரைப் பனி ஊறியது. வெள்ளிக்கிழமை காலை கதவு மறுபடி ஒட்டியது. மறுபடி இழைத்தேன்.

"கடைசில கதவே மிஞ்சாது போலிருக்கே!" என்று எய்னோ சிரித்தான்.

"மிஞ்சாட்டி உன் வீட்டுக் கதவைக் கழட்டிட்டு வந்து மாட்டுறேன், போடா."

குளிர்காலத்தில், ஹீட்டர் ஓடும் அறையில், மரம் காய்ந்து சுருங்கும். உப்பாது. தச்சனுக்கு இது தெரியாதா? தெரியும். அதை நினைத்துப் பார்க்கத்தான் நான் இடம் கொடுக்கவில்லை.

மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். எய்னோ மறுநாள் போட்டிக்காகப் பனித்தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். பாதி சூப் குடித்திருந்தபோது கூடத்துப் பக்கமிருந்து பெரும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் உத்தரங்கள் முறிந்து, கூரை முழுதும் பனித்தரைமேல் கிடந்தது. தீயணைப்புக்காரர்கள் அவனை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

சவ அடக்கத்தன்று அவன் மனைவி பெர்னிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"'வெண்டல் மேல ஏறிப் பாத்துட்டான் போல, ஒண்ணும் இல்லேன்னுட்டான்'னு அவரு அன்னிக்குக் காலையில கூடச் சொன்னாரு. நீங்க பாத்துமே இப்படி ஆகணும்னு இருந்திருக்கு. உங்க மேல தப்பில்ல."

நான் தலையாட்டிவிட்டு நகர்ந்தேன்.

இரண்டு வாரம் கழித்து இடிபாடுகளை அள்ளப் போனேன். சாமான் அறைச் சுவர் மட்டும் நின்றது, கதவும் நிலையுமாக. மேலே பாரம் எதுவும் இல்லை. ஒரு விரலால் தள்ளினேன். சத்தமில்லாமல் திறந்தது.

அங்கிருந்து நேரே பெர்னிஸ் வீட்டுக்குப் போனேன். உள்ளே வரச் சொன்னாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"நான் ஏறிப் பாக்கவே இல்ல, பெர்னிஸ். அவன் கேட்டான். நான்தான் வேணாம்னேன்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.