ஒன்பது கையெழுத்து

1991 மார்ச் 4ஆம் தேதி, சுபாங் விமான நிலையத்தில் சிவமலரின் கடப்பிதழில் ஒரு மாத வருகை முத்திரை குத்தப்பட்டது. வேலை செய்ய அனுமதியில்லை என்று முத்திரையிலேயே இருந்தது.

மறுநாள் ராதாகிருஷ்ணன் அந்தக் கடப்பிதழை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு தையல் கடையின் மேல்மாடியில் ஆங்கில வகுப்பு நடத்துபவர்; அங்கே கற்பிக்க அவளை வரவழைத்தவர் அவர்.

"பெர்மிட்டுக்குக் குடுக்கணும், டீச்சர். ரெண்டே வாரம். பயப்படாதீங்க லா."

சிவமலர் பருத்தித்துறையில் பதினோரு வருடம் ஆங்கிலம் கற்பித்தவள். சண்டையில் அந்தப் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. கணவனும் மகளும் கொழும்பில் ஒரு லாட்ஜ் அறையில் காத்திருந்தார்கள். பெர்மிட் கிடைத்தால்தான் அவர்களை அழைக்க முடியும்.

அவளுக்குக் கொடுத்த மேசையின் இழுப்பறையில் தடித்த மூக்குக் கண்ணாடி ஒன்று கிடந்தது.

"முன்ன இருந்த மார்க்கிரட் டீச்சரோடது" என்றாள் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ரமணி. "ஊருக்குப் போயிட்டாங்க."

"கண்ணாடியை விட்டிட்டோ?"

"அவசரம் லா, டீச்சர்." ரமணி தட்டச்சுப் பொறியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சனி, ஞாயிறு காலைகளில் வகுப்பு. சுங்கை வே தொழிற்சாலைகளிலிருந்து பஸ் பிடித்து வரும் பெண்கள், மேற்பார்வையாளர் வேலைக்கான நேர்காணலில் பேசப் பழக வந்தார்கள். பாடம் முடிந்ததும் சிவமலர் ஒரு குறிப்பேட்டில் தேதி, நேரம், நடத்திய பாடம் எல்லாம் எழுதிக் கையெழுத்திடுவாள். ஊரில் கல்வி அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து பின்வரிசையில் உட்காருவார். எழுந்து போகும்போது குறிப்பேட்டைக் கேட்பார். ஒரு நாள் விடுபட்டிருந்தாலும் சம்பள உயர்வு தள்ளிப்போகும்.

"இங்க யாரு வந்து பாக்கப் போறா?" என்றாள் ரமணி. "எழுதாதீங்க, டீச்சர். பாஸுக்குப் பிடிக்காது."

"எழுதாட்டி எனக்குப் படிப்பிச்ச மாதிரியே இல்லை, பிள்ளை. நீர் பேசாமல் டைப் அடியும்."

இரண்டு வாரம் போயிற்று. பெர்மிட் வரவில்லை. "புவாசா மாசம், டீச்சர். எல்லாரும் நோன்பு. மெதுவாத்தான் போகும்" என்றார் ராதாகிருஷ்ணன்.

ஏப்ரல் 3, முத்திரையின் கடைசி நாள். சிவமலர் அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்றாள். அவர் சிரித்தார்.

"கல்வி இலாகாவுலருந்து ஆள் வருவாங்க. நீங்க நடத்துறதப் பாத்துட்டுத்தான் பெர்மிட். நல்லா நடத்துங்க."

"எப்ப வருவினம், சேர்?"

"சொல்லிட்டா வருவாங்க?"

அப்படி வருகிறவர்களை அவளுக்குத் தெரியும். ஒரு மாதத்தில் முதல் தடவையாக அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வெள்ளைச் சட்டை போட்ட இருவர் படியேறி வந்தார்கள். தொடர்ந்து நடத்துங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். ராதாகிருஷ்ணனின் அறை பூட்டியிருந்தது. அவர்களுக்குப் பின்னால் வாசலில் நின்ற ரமணி மெல்லத் தலையை ஆட்டினாள். பதற வேண்டாம் என்கிறாள் என்று சிவமலர் எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவள் நடத்தியதுபோல் அந்த மாடியில் யாரும் நடத்தியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு பெண்ணாக எழுப்பி, நேர்காணல் கேள்வி கேட்டு, பதிலைத் திருத்தினாள். வழக்கமாகச் சிரிக்கும் பெண்கள் அன்று சிரிக்கவில்லை. பின்வரிசையையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பாடம் முடிந்தது. அதையும் எழுதிக் கையெழுத்திட்டு, குறிப்பேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்வரிசைக்குப் போனாள்.

மூத்தவர் நிதானமாகப் பக்கம் புரட்டினார். இவை எல்லாம் உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்.

"எல்லாம் என்னுடையதுதான், சேர். ஒரு வகுப்பும் விடவில்லை" என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவர் குறிப்பேட்டைப் பைக்குள் வைத்துவிட்டுக் குடிநுழைவுத் துறையின் அட்டையைக் காட்டினார். கடப்பிதழைக் கேட்டார். சிவமலர் பூட்டிய அறையைக் காட்டினாள்.

கடப்பிதழ் அங்கே ஒரு கோப்பின் அடியில் இருந்தது. பெர்மிட்டுக்கு விண்ணப்பமே போடப்படவில்லை. தூரத்துச் சொந்தம், சும்மா பார்க்க வந்தவள் என்று ராதாகிருஷ்ணன் பின்னர் அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்தார். ஒன்பது வகுப்பு, ஒன்பது கையெழுத்து என்று குறிப்பேடு வழக்கில் சேர்க்கப்பட்டது.

மே 9ஆம் தேதி சிவமலர் கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். ஜூன் மாதத்தின் முதல் சனிக்கிழமையன்று அதே மாடியில் வகுப்புகள் மீண்டும் தொடங்கின.