நெருக்கடியில் தயங்குகிறார்

சார்ஜெண்டின் பணிப் பதிவேட்டில் கேப்டன் எழுதி வைத்தது ஒரே வரிதான்: ‘நெருக்கடியில் தயங்குகிறார்.’ அந்த வரி அப்படியே நிலைத்துவிட்டால் பதவி உயர்வு கிடையாது. வருடக் கடைசியில் சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் நேற்றுச் சேர்ந்த பொடிப்பயல்கள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் அவரைப் ‘பஞ்சு’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அதில்தான் அவருக்கு வயிறு எரிந்தது.

“எழுதினா எழுதிட்டுப் போகட்டுங்க,” என்றாள் மனைவி, அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே. “எங்கண்ணன் பட்டறையில வேலை இருக்கு. எதையும் கிளறாதீங்க.”

“கோழைன்னு எழுதியிருக்கான்டி.”

“அன்னைக்கு நீங்க கை கழுவின வாஷ்பேசினை நான்தானே தேய்ச்சேன். நீங்க கோழை இல்லன்னு எனக்குத் தெரியும். போதாதா?”

போதவில்லை. மேல்முறையீடு போட்டார். சொன்ன பேச்சைக் கேட்கிற ஆளாக இருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்தச் சம்பவம் நடந்த அன்றைக்கு ஜெனரல் முகாமைப் பார்வையிட வருவதாக இருந்தது. அந்த மாதிரி நாட்களில் வாசல் காவலர்களின் துப்பாக்கியை எண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைப்பார்கள். தோட்டாவை மட்டும் உருவிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். பெரியவர் முன்னால் கைதவறி ஒன்று வெடித்தால் யார் தலை உருளுமோ என்ற பயம். வாய்மொழி உத்தரவு கேப்டனுடையது, பெட்டிச் சாவியும் அவர் பையில்.

அந்த நேரம் பார்த்து ஒருவன் வெட்டுக்கத்தியோடு வாசலுக்குள் பாய்ந்தான். காவலில் நின்ற நெட்டையன் என்ற சிப்பாயின் இடது கண்ணைப் பிளந்துகொண்டு முதல் வெட்டு இறங்கியது. அவனோடு காவலில் நின்ற சார்ஜெண்ட் குறிபார்த்து விசையை இழுத்தார். ‘க்ளிக்’ என்றது. பழக்கதோஷம், தோட்டா இல்லை என்பதே மறந்துபோயிருந்தது. அந்த ஒரு நொடியைத்தான் கேப்டன் ‘தயக்கம்’ என்று எழுதித் தன் தலையைக் காப்பாற்றிக்கொண்டார். பிறகு சார்ஜெண்ட் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் அடித்தே அவனைக் கொன்றார். தற்காப்பு என்று விசாரணையை அப்போதே மூடிவிட்டார்கள்.

மேல்முறையீட்டு அறையில் மூன்று அதிகாரிகள். நடுவில் கர்னல். ஓரத்தில் சாட்சியங்களைத் தட்டச்சு செய்ய ஒரு குமாஸ்தா.

“தோட்டா குடுத்திருந்தேன் சார். இவர் சுடல,” என்றார் கேப்டன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

“தோட்டா இருந்திருந்தா நான் ஏன் சார் கட்டையால அடிக்கப் போறேன்?” என்றார் சார்ஜெண்ட்.

கர்னல் கேப்டனைத் திரும்பிப் பார்த்தார். கேப்டனின் முகம் வெளிறிவிட்டது. அதோடு விட்டிருந்தால் போதும், வழக்கு ஜெயித்த மாதிரிதான். ஆனால் சாட்சியாக நெட்டையன் வெளியே காத்திருந்தான். சார்ஜெண்டுக்காக உயிரையே கொடுப்பான். அவனை உள்ளே கூப்பிட்டார்கள்.

“இவர் தயங்கினாரா?”

“யாரு சார், எங்க சார்ஜெண்டா?” நெட்டையனுக்குப் பெருமை தாங்கவில்லை. “முதல் அடியிலயே தாடை உடைஞ்சு பல்லு தெறிச்சுது. கத்தி எங்கேயோ போய் விழுந்துடுச்சு. அவன் மண்டி போட்டு ரெண்டு கையையும் தூக்கிட்டான் சார். விட்டுடுங்கன்னு கெஞ்சினான். விட்டாரா? உச்சியில ஒண்ணு போட்டாரு, மண்டை உள்ள இறங்கிடுச்சு. கீழ விழுந்தும் நிறுத்தல. முகம்னு ஒண்ணு மிச்சமில்லாமப் போற வரைக்கும் அடிச்சாரு. இவரைப் போய்த் தயங்கினார்னு எழுதலாமா?”

தட்டச்சு ஓசை நின்றது. கர்னல் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“அவன் கையைத் தூக்கினதை நீங்க பார்த்தீங்களா, சார்ஜெண்ட்?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ரத்தம் வழிந்த கண்ணோடு பார்த்தவனின் சாட்சி எத்தனை நேரம் நிற்கும்? ஆனால் சார்ஜெண்ட் பார்த்திருந்தார். விரித்த இரண்டு உள்ளங்கைகளும் இன்றுவரை அவர் தூக்கத்தில் வந்துகொண்டிருந்தன.

“பார்த்தேன் சார்.”

“அப்பவும் தயங்கலையா?”

கேப்டனின் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சார்ஜெண்டுக்குப் ‘பஞ்சு’ என்ற பெயர்தான் காதில் விழுந்தது. நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

“தயங்கல சார்.”

கேப்டனின் வரியைக் கர்னல் அங்கேயே சிவப்பு மையால் அடித்தார். தோட்டா விவகாரத்தை விசாரிக்கக் கேப்டனை இருக்கச் சொன்னார். பிறகு வாசல் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். ராணுவப் போலீசார் இருவர் உள்ளே வந்தார்கள்.

வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரைக் கூட்டிவருவதைக் கண்டு எழுந்தாள்.

“ஜெயிச்சுட்டேன்,” என்றார். “அந்த வரியை எடுத்துட்டாங்க.”

பின்னாலேயே வந்த நெட்டையன் அழுதுகொண்டே, அந்த ஆள் கையைத் தூக்கியதைப் பற்றி அவளிடமும் சொன்னான். அவள் இஸ்திரி மடிப்புக் கலையாத அந்தச் சட்டையையும் அதற்குள் இருந்த மனிதரையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“கொஞ்சம் தயங்கியிருக்கக் கூடாதாங்க?” என்று கேட்டாள்.