எட்டுக் கல்

அகராதி அலுவலகத்தில் அன்று அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் உட்கார்ந்தாள். ஒன்பதாம் மாத வயிறு; காலையிலிருந்து உள்ளே இருப்பது முன்போல அசையவில்லை. "ரெண்டு மணி நேரத்துல பத்து அசைவாவது தெரியணும். குறைஞ்சா உடனே வந்துடணும்" என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார்.

மேசையில் கிடந்த அச்சுப்படி ‘கால்குலேட்’ என்ற சொல்லில் நின்றது. மூலம்: லத்தீனில் ‘சிறு கல்’. அந்தக் காலத்தில் கல்லை நகர்த்தித்தான் கணக்குப் போட்டார்களாம். எண்ணத் தெரியாத ஜனங்கள் போலிருக்கிறது என்று போன வாரம் அவளே சிரித்திருக்கிறாள்.

இன்று அவளுக்கே எண்ணிக்கை தடுமாறியது. ஐந்தா, ஆறா? பயத்தில் ஒரே உதையை இரண்டு தடவை எண்ணிவிட்டாளோ? சீ என்று எழுந்துபோய், சன்னலோரப் பூந்தொட்டியிலிருந்து பத்துக் கூழாங்கற்களைப் பொறுக்கி வந்து, மணி பார்த்து, முதலிலிருந்து தொடங்கினாள். ஓர் அசைவுக்கு ஒரு கல், இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு.

ஒன்றே முக்கால் மணி நேரத்தில் எட்டு. பிறகு வயிறு லேசாகக் கடமுடா என்றது. அவசர அவசரமாக ஒன்பதாவது கல்லை நகர்த்தினாள்.

"பாத்தியா, நான் சொல்லல?" என்றார் பக்கத்து மேசையில் மெய்ப்புப் பார்க்கும் அக்கா. "இன்னும் ஒண்ணுதான். சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்காதே."

"அது உதை இல்லக்கா. வாயு."

"யாரு வந்து பாக்கப் போறாங்க? சேத்துக்கோயேன்."

சேர்த்துக்கொள்ள அவளுக்கும் கொள்ளை ஆசைதான். மனசுக்குள் எண்ணியிருந்தால் சேர்த்தும் இருப்பாள். கல்லோ கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது. பொய்யென்று தெரிந்தும் அதை அங்கே விட்டுவைக்க மனம் வரவில்லை. எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். அந்தக் காலத்து ஆட்கள் எண்ணத் தெரியாமல் கல்லைத் தேடவில்லை, தங்களையே நம்பாமல்தான் தேடியிருப்பார்கள் என்று அவளுக்குப் பட்டது.

மீதிக் கால் மணி நேரமும் வயிறு கம்மென்று கிடந்தது.

"அக்கா, வண்டி கூப்பிடுங்க."

மருத்துவமனையில் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்க வயிற்றுக்குப் பட்டை கட்டினார்கள். இயந்திரத்திலிருந்து ஓடிவந்த தாளைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"எத்தனை அசைவு?"

"எட்டு."

"சரியா எண்ணினீங்களா?"

"சத்தியமா."

"அப்ப இனிமே காத்திருக்க வேணாம். எடுத்துடலாம்."

கழுத்தில் கொடி சுற்றி, நீலம் பாரித்து வந்தது பெண். முதலில் சத்தமே இல்லை. பெற்றவளின் உயிர் அவளிடம் இல்லை. அப்புறம் குழந்தை கத்தியது பாருங்கள், அப்படி ஒரு கத்தல்.

"நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்திருந்தீங்கன்னா..." என்று தொடங்கிய டாக்டரம்மா பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

ஒன்பதாவது கல்லைத் திருப்பி வைத்த கையால், அவள் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணத் தொடங்கினாள்.